கிளி பார்த்த பக்கம்

என் மனைவி மேஸ்திரி ஆகியிருக்க வேண்டியவள். சமையலறைச் சுவரில் டைல்ஸ் ஒட்டுகிற வேலையில் அவளுக்கு இருந்த கை எனக்கு இல்லை. நான் பார்த்த வேறு எந்த ஆண்பிள்ளைக்கும் இல்லை. அவளை ஆகவிடாமல் செய்தவன் நான். அடித்துத் தடுக்கவில்லை, வீட்டில் பூட்டி வைக்கவில்லை. திருப்பதியில் ஒரு பணக்கார வீட்டுச் சமையலறையில், காலை வெயிலில் நின்றுகொண்டு, வாயைத் திறந்து ஒரு பொய் சொன்னேன். அவ்வளவுதான். இப்போது அவள் இல்லை, போய் இரண்டு வருஷம் ஆகிறது. சுகர் என்றார்கள், அப்புறம் கிட்னி என்றார்கள். அவள் இருந்தவரை இதை வெளியே யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இனிமேலும் சொல்லாமல் இருந்தால் நான் மனுஷனே இல்லை.

எங்கள் ஊர் நகரி. எங்கள் வீட்டில் லுங்கி நெய்தோம். அவள் என் அத்தை மகள், இரண்டு தெரு தள்ளி வீடு, அங்கே புடவை. இந்த வித்தியாசத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டும். லுங்கிக்கு முன்பக்கம் பின்பக்கம் என்று கிடையாது. கட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான், எப்படி வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். பூப்போட்ட புடவை அப்படி இல்லை. அத்தை வீட்டுத் தறியில் புடவையின் முகம் தரையைப் பார்த்திருக்கும். நெய்கிறவர்கள் கண்ணுக்குத் தெரிவது அதன் முதுகுதான். முதுகைப் பார்த்துக்கொண்டே முகத்தில் பூ எப்படி விழும் என்று மனசுக்குள் கட்டிக்கொள்ள வேண்டும். சந்தேகம் வந்தால் அடியில் கைக்கண்ணாடியைப் பிடித்துப் பார்ப்பார்கள். அந்தக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவள் அவள்.

தறியை நினைத்து உருக எனக்கு ஒன்றும் இல்லை. நூல் விலை ஏறியது, லுங்கி விலை ஏறவில்லை, என் இடுப்பு போனதுதான் மிச்சம். கல்யாணமான மறு வருஷமே தறியை விற்றுத் தொலைத்துவிட்டுத் திருப்பதிக்கு ரயில் ஏறினேன். அப்போது திருப்பதி நாளுக்கு ஒரு சுற்றாகப் பெருத்துக்கொண்டிருந்தது. பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்பியவர்களெல்லாம் வீடு கட்டினார்கள். செல்போனில் கூப்பிடுகிறவனுக்கு மட்டுமில்லை, எடுத்துப் பேசுகிறவனுக்கும் காசு பிடித்த காலம் அது. ஒரு வீட்டுச் சமையலறையில் சிம்னி வைக்கிறார்கள் என்றால் நாங்கள் வேலையை விட்டுவிட்டுப் போய் எட்டிப் பார்ப்போம். தரைக்குக் கல் போட ராஜஸ்தானிலிருந்து ஆட்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். சமையல் மேடைக்கு மேலே இரண்டடிச் சுவர் இருக்கிறதே, எண்ணெய் தெறிக்கிற இடம், அதற்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. பிளக் பாயிண்ட், ஜன்னல், குழாய் என்று எல்லாவற்றையும் சுற்றி வெட்டி வெட்டி ஒட்ட வேண்டும், பேஜார் பிடித்த வேலை. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். கட்டர் மெஷின், ரசமட்டம், கரணை மூன்றும் கைக்குப் பழகியதும் மேஸ்திரி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது.

ஒரு வருஷம் கழித்து அவளும் என்னோடு வந்தாள். தினமும் காலை பாசஞ்சரில் நகரியில் ஏறி, புத்தூர், ரேணிகுண்டா தாண்டித் திருப்பதி. இந்தத் தொழிலில் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு வேலை உண்டு. பசை குழைத்துக் கொடுப்பார்கள். ஒட்டி முடித்ததும் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கிற சந்தில் வெள்ளை சிமெண்டை அடைத்துத் துடைப்பார்கள். கரணை அவர்கள் கைக்குப் போகாது. போகக் கூடாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. போகலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

ஒரு நாள் மெஷினில் என் கட்டைவிரல் கிழிந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழைத்து வைத்த பசை காய்ந்துகொண்டிருந்தது.

"நான் ஒட்டவா மாமா?" என்றாள்.

"ஒட்டிக் கிழிச்சே. போய்த் தண்ணி எடுத்துக்கினு வா."

தண்ணீரைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுக் கரணையை எடுத்தாள். நாங்களெல்லாம் மூலையிலிருந்து ஆரம்பிப்போம். மூலையில் முழுக்கல் வைத்து, அப்படியே ஓட்டிக்கொண்டு போய், மறுகோடியில் என்ன மிஞ்சுகிறதோ அதற்கு ஒரு கல்லை வெட்டிச் சொருகுவோம். அவள் அடுப்பு வருகிற இடத்தில், சுவரின் நடுவே பென்சிலால் ஒரு கோடு போட்டாள்.

"இன்னா எழவுமே இது? நடுவுலருந்து எவனாச்சும் ஒட்டுவானா?"

"சமைக்கறவ எங்க நிப்பா மாமா? மூலையிலயா நிப்பா? அவ கண்ணு போற எடத்துல முழுக்கல்லு வரணும். வெட்டுக்கல்லு ரெண்டு கோடியிலயும் சமமா வந்துட்டுப் போவுது."

முடித்ததும் நான் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவை விட்டு அசையவில்லை. தப்புக் கண்டுபிடிக்க வேண்டும் என்றே மேலும் கீழும் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. அவள் மட்டும் விரல் நகத்தைச் சந்துகளின் மேல் மெதுவாக ஓட்டிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் நகம் லேசாகத் தடுக்கியது. அந்தக் கல்லைப் பெயர்த்து மறுபடி வைத்தாள். இவ்வளவையும் பார்த்துவிட்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பசைய வேஸ்ட் பண்ணிட்டே" என்றேன். அடச்சீ, அதுதான் நான்.

அதன் பிறகு அவள் ஒட்டினாள், நான் வெட்டிக் கொடுத்தேன். யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரர்கள் வருகிற செருப்புச் சத்தம் கேட்டால் கரணை அவள் கையிலிருந்து என் கைக்கு வந்துவிடும். நான் சொல்லி அவள் அப்படிச் செய்யவில்லை, தானாகவே செய்தாள். அவர்கள் சுவரைப் பார்த்து என்னைப் புகழ்வார்கள். அவள் துணியை நனைத்து எதையாவது துடைத்துக்கொண்டிருப்பாள். அவர்கள் போனதும் கரணையை வாங்கிக்கொண்டு, "இன்னா மேஸ்திரி, வேலை ரொம்பக் கஷ்டமா?" என்று கேட்டுச் சிரிப்பாள்.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த வீடு வந்தது. சித்தூர்ப் பக்கம் மாந்தோப்புகள் வைத்திருந்த குடும்பம், திருப்பதியில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீடு மொத்தமும் அந்தச் சமையலறைக்குள் அடங்கும். எல்லாவற்றையும் நின்று கவனித்தவர் அந்த வீட்டம்மாதான். ஐம்பது வயதிருக்கும். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். கிரகப்பிரவேசம் ஆகிறவரை புது வீட்டுக்குள் செருப்புப் போடுவதில்லை என்று வைத்திருந்தார். வெறுங்காலோடு வருகிறவருக்குச் சத்தம் ஏது? ஜன்னல் சுவரில் என் மனைவி ஒட்டிக்கொண்டிருந்ததை எவ்வளவு நேரம் பின்னால் நின்று பார்த்தாரோ தெரியவில்லை. திரும்பிப் பார்த்த என் மனைவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"ஓ, நுவ்வேனா சேசேதி?" என்றார் அம்மா. நீதான் செய்கிறாயா என்று. என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் பல்லைக் காட்டினேன், வேறு என்ன செய்ய. அம்மா சுவர்ப் பக்கம் போய்க் கையால் தடவிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "சித்தூர்ல மா செல்லெலு வீடு கட்றாங்க. அவங்க கிச்சன் நீ செய்யணும். பசை கொழைக்க இல்ல. நுவ்வே மேஸ்திரி. நான் சொல்றேன் அவங்களுக்கு."

தங்கச்சி வீட்டுச் சமையலறை, என் மனைவி பேரில். அன்று ரயிலில் அவள் உட்காரவே இல்லை. கதவோரமாக நின்றுகொண்டு கேள்வியாகக் கேட்டாள். "மேஸ்திரின்னா கடைக்கு நானே போய் எந்தக் கல்லுன்னு சொல்லணுமா மாமா? அளவு நான்தான் எடுக்கணுமா? நான் சொன்னா கடைக்காரன் கேப்பானா?" நான், "கேப்பான், கேப்பான்" என்றேன். மறுநாளே இரும்புக்கடையில் தனக்கென்று ஒரு கரணை வாங்கினாள். என்னுடையதைவிடச் சின்னது, அவள் கைக்கு அடக்கமாக. அந்த வாரம் ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் மெஷினையும் ரசமட்டத்தையும் என் கரணையையும் வரிசையாக வைத்து நான் பொட்டு வைத்தேன். வரிசையின் கடைசியில் அவள் தன் கரணையை வைத்து, தானே பொட்டு வைத்து, ஒரு சாமந்தியையும் வைத்தாள். தெருவில் நாலு பேர் வந்து பார்த்துவிட்டு, "இன்னாடா, வூட்டுக்கு ரெண்டு மேஸ்திரியா?" என்று கேலி பண்ணினார்கள். நானும் சிரித்தேன். எனக்கு உள்ளே எரிந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது, வயிறு எரிந்தது.

அடுப்புக்குப் பின்னால் வருகிற சுவருக்கு மட்டும் அந்த வீட்டில் விசேஷமாக ஒன்று வைத்திருந்தார்கள். பம்பாயிலிருந்து பெட்டியில் வந்தது. விரல்நகம் அளவுக்குச் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள், எல்லாம் சேர்ந்தால் ஒரு படம். மாமரக் கிளை, இரண்டு கிளிமூக்கு மாங்காய், பக்கத்தில் ஒரு பச்சைக் கிளி. துண்டுகளை வரிசை கலையாமல் பழுப்புக் காகிதத்தில் ஒட்டி, ஓரடித் தாள்களாக எட்டுத் தாள் அனுப்பியிருந்தார்கள். ஒட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று அச்சடித்த படம் ஒன்றும் கூட வந்தது, அது வீட்டம்மாவிடம் இருந்தது. அதற்கு முன்னால் பாத்ரூம்களில் நான் ஒட்டிய கண்ணாடிக் கல்லுக்குப் பின்பக்கம் வலை இருக்கும், வலையோடு சேர்த்துச் சுவரில் அழுத்துவோம். இதில் வலைக்குப் பதில் காகிதம் என்று நினைத்தேன். காகிதத்தைச் சுவர்ப் பக்கம் வைத்து ஒட்ட வேண்டியதுதான் என்று பசையைக் குழைக்கச் சொன்னேன்.

அவள் ஒரு தாளைத் தூக்கி நகத்தால் வருடினாள்.

"மாமா, இது மொதுகு. இந்தாண்ட சொரசொரன்னு கீது பாரு. பேப்பர் கீற பக்கந்தான் மொகம். பேப்பர் நம்மளப் பாக்க வச்சு ஒட்டணும், அப்பால தண்ணி தொட்டு உரிக்கணும் போல கீது."

"பம்பாய்க்காரன் உனக்கு லெட்டர் போட்டானா?"

"அந்தம்மாகிட்ட படம் கீதே. வாங்கிப் பாத்துட்டா ஆச்சு."

"எது முன்ன எது பின்னன்னு போய் ஒரு பொம்பளைகிட்ட கேக்கச் சொல்றியா? மேஸ்திரின்னு என்னை எவனாச்சும் மதிப்பானா?"

அவள் சிரித்துவிட்டாள். "லுங்கிக்கார வூட்டுப் புள்ள நீ. உனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்" என்றாள். கிண்டல்தான், எப்போதும் பண்ணுகிற கிண்டல். ஆனால் அந்த வாரம் எனக்கு அது சுருக்கென்று தைத்தது. அவள் கையிலிருந்த தாளைப் பிடுங்கினேன். "இன்னிக்கி நீ சுவத்தத் தொடாத. பசை கொழைச்சுக் குட்த்துட்டு அந்தாண்ட போ" என்றேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தால் அவள் வாயைக் கொடுக்க மாட்டாள். பசையைக் குழைத்து வைத்துவிட்டு, பாத்திரம் கழுவுகிற பின்கட்டுக்குத் துடைக்கப் போனாள். எட்டுத் தாளையும் நான் ஒருவனே, காகிதம் உள்ளே போக, சொரசொரப்பு வெளியே தெரிய ஒட்டினேன். கிளி கிளியாகத்தான் இருந்தது. கிளை கிளையாகத்தான் இருந்தது. நான் கையைக் கழுவிக்கொண்டு அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டுப் பசை வாளியைக் கழுவப் போனாள். தப்பு என்று சொல்லியிருந்தால் மட்டும் நான் கேட்டிருக்கப் போகிறேனா?

மறுநாள் காலை நாங்கள் போனபோது வீட்டம்மா சமையலறையில் நின்றிருந்தார், கையில் அந்தப் படத்தோடு. சுவரைப் பார்த்ததும் எனக்குத் தலையில் கல் விழுந்த மாதிரி ஆனது. உள்ளே இருந்த காகிதம் பசையின் ஈரத்தில் ஊறி வழுக்கியிருந்தது. கிளியின் இறக்கை முழுவதும் மேடை மேல் சிதறிக் கிடந்தது. ஒரு மாங்காயைக் காணோம். கிளியின் தலை மட்டும் சுவரில் தங்கியிருந்தது, அதுவும் முதுகுப் பக்கம் வெளியே வந்ததால் திசை மாறி. அக்கினி மூலையில் அடுப்பு, கிளி அடுப்பைப் பார்த்து உட்கார வேண்டும் என்று வாஸ்து பார்த்துச் செய்யச் சொன்ன படம் அது. எங்கள் சுவரில் அது அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிங்க்கைப் பார்த்தது. பால் பொங்கவைக்க இன்னும் நாலே நாள்.

என் மனைவி அப்போதுதான் பையிலிருந்து தன் கரணையை எடுத்திருந்தாள்.

"இதி எவரு சேசினாரு?" என்று கேட்டார் அம்மா. இதை யார் செய்தது என்று. கத்தவில்லை, மெதுவாகத்தான் கேட்டார்.

என் பக்கத்தில் அவள் குனிந்து, கரணையை மேடை மேல் சத்தம் வராமல் வைத்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல், அந்தப் பாழாய்ப்போன கிளி பார்த்த பக்கமே திரும்பி, சிங்க்கைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அவதாம்மா. நான் பாத்ரூம்ல வேலையா இருந்தேன். வேணாம்னு சொல்லிட்டுத்தான் போனேன், கேக்கல."

ஒரே மூச்சில் எத்தனை பொய். அம்மா அவளையே பார்த்தார். "நின்னு நம்மினானே அம்மா" என்றார். உன்னை நம்பினேனே. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அப்புறம் என் பக்கம் திரும்பி, "மேஸ்திரி, இனி மீரே கை போடுங்க. ஆடவாள்ளகு ஈ பனி ஒத்து" என்றார். பெண்பிள்ளைகளுக்கு இந்த வேலை வேண்டாம் என்று ஒரு பெண்பிள்ளை வாயாலேயே சொல்லவைத்தேன் நான். என் மனைவி, "சரிம்மா" என்றாள். மண்டியிட்டு உட்கார்ந்து, சிதறிக் கிடந்த கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக முந்தானையில் பொறுக்கிப் போட ஆரம்பித்தாள்.

ஏன் சொன்னேன் என்று இத்தனை வருஷம் கேட்டுப் பார்த்துவிட்டேன். பயம் பாதி. அந்த ஒரு வீட்டில் பேர் கெட்டால் திருப்பதி முழுக்கக் கெட்டுவிடும் என்ற பயம். மீதிப் பாதி பொறாமை. கட்டிய பெண்டாட்டி மேல், சின்ன வயசிலிருந்து கூடவே வளர்ந்தவள் மேல் பொறாமை.

சுவரைச் சுரண்டி எடுத்தோம். துண்டுகளை வாளியில் போட்டு அவள் கழுவினாள். அம்மாவிடம் படத்தை நான் கேட்டு வாங்கினேன், இப்போது மட்டும் கேட்க வாய் வந்தது. பின்கட்டில் அவள் பழுப்புக் காகிதத்தை விரித்து, மைதா பசை காய்ச்சித் தடவி, ஒவ்வொரு துண்டாக முகம் கவிழ்த்து வைத்தாள். படத்தில் வலது பக்கம் இருப்பது காகிதத்தில் இடது பக்கம் வர வேண்டும். ஒரு தடவைகூட அவள் கை தயங்கவில்லை. இரண்டு நாள், முதுகு நிமிராமல் அந்தக் கிளியைத் திரும்பக் கட்டினாள். அம்மா பார்த்துவிடக் கூடாதே என்று நான் கதவை ஒருக்களித்துவிட்டு வெளியே காவல் நின்றேன். வெறுங்கால் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவள் செய்து கொடுத்த தாள்களைக் காகிதம் வெளியே தெரியச் சுவரில் அழுத்தினேன். காய்ந்ததும் நனைத்து உரித்தேன். கிளி அடுப்பைப் பார்த்தது. அம்மா வந்து பார்த்துவிட்டு, "மேஸ்திரின்னா மேஸ்திரிதான்" என்று என்னைச் சொன்னார்.

பால் பொங்கிய அன்று எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். எனக்குத் தட்டில் வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தார்கள். அவளுக்கு, வந்த பெண்களுக்கெல்லாம் கொடுத்த ரவிக்கைத் துணியில் ஒன்று. சித்தூர் வேலையைப் பற்றி அம்மா என்னிடம் பேசினார், எந்த நாள் வருகிறீர்கள் என்று. நான் நாள் சொன்னேன். சொன்னேன் ஐயா, அவள் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னேன்.

திரும்பி வருகிற ரயிலில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். புத்தூர் வந்ததும், "நாளையிலருந்து நான் வரல மாமா. ஷெட்டுல தார் சுத்த ஆள் கேட்டுக்கினு கீறாங்க" என்றாள். விசைத்தறி ஷெட்டில் நூல் சுற்றுகிற வேலை, எதை விட்டு ஓடி வந்தோமோ அதே வேலை. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சித்தூருக்குத் தனியாகப் போய் அந்தச் சமையலறையை ஒட்டி முடித்தேன். நடுவில் கோடு போட்டு, அங்கிருந்து இரண்டு பக்கமும் ஒட்டினேன். அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

பிறகு நான் எங்கெங்கோ போனேன். பெங்களூரில் ஒட்டினேன், சென்னையில் ஒட்டினேன், இத்தாலியிலிருந்து வந்த கல்லையெல்லாம் ஒட்டினேன். எந்தச் சமையலறைக்குப் போனாலும் முதலில் அடுப்புக்கு நேரே நடுக்கோடு போடுவேன். சமைக்கிறவர்கள் கண் போகிற இடத்தில் முழுக்கல் வர வேண்டும் என்று வீட்டுக்காரர்களுக்கு விளக்கம் சொல்லுவேன், ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி. என்ன அழகாக யோசிக்கிறார் பார் என்பார்கள். அவள் ஷெட்டில் தார் சுற்றினாள். ஆயுத பூஜை வரிசையில் அவள் கரணை அதற்கப்புறம் வரவில்லை. பின்பக்கம் கறிவேப்பிலைச் செடிக்கு மண் கிளற வைத்துக்கொண்டாள்.

அவள் என்னிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. அப்படி இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். சோறு போட்டாள், கிண்டல் பண்ணினாள், சிரித்தாள். ஒரு பெண் பிறந்தாள், படிக்கவைத்தோம், கட்டிக்கொடுத்தோம். நான்தான் சண்டைக்கு இழுத்தேன். குழம்பில் உப்பு என்பேன், கதவைச் சரியாகச் சாத்தவில்லை என்பேன். அவள் திருப்பிக் கத்தும்போது அந்தச் சமையலறை வார்த்தையும் கூடவே வெளியே வந்துவிடும் என்று காத்திருந்தேன். உப்புக்குப் பதில் வந்தது, கதவுக்குப் பதில் வந்தது. அது மட்டும் வரவே இல்லை.

மகள் கல்யாணத்துக்குப் பிறகு நகரியில் சொந்தமாக வீடு கட்டினோம். சமையலறைக்கு நல்ல கல்லாக, வெளிர்மஞ்சளில், நானே போய் எடுத்து வந்தேன். அதற்குள் அவளுக்குச் சுகர் முற்றியிருந்தது. ஒரு மத்தியானம், சாப்பிட்ட பிறகு, அவள் வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நடுக்கோடு போட்டேன்.

"இத்த யாரு மேஸ்திரி உனக்குக் கத்துக் குட்த்தாங்க?" என்றாள் சிரித்துக்கொண்டு.

கரணையை அவளிடம் நீட்டினேன். "நீ ஒட்டுமே. உன் வூடு, உன் கிச்சன்."

அவள் வாங்கிக்கொண்டாள். கட்டைவிரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் என் பக்கமே திருப்பி நீட்டினாள். "விரலெல்லாம் மரத்துப் போயி கீது மாமா. நகம் தடுக்கினாகூட எனக்குத் தெரியாது. நீயே ஒட்டு."

அங்கேயே, சிமெண்ட் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷம் அடக்கி வைத்தது வந்துவிட்டது. "அன்னிக்கி அந்தம்மாகிட்ட நான் அப்படிச் சொல்லி இருக்கக் கூடாதுமே. உன்ன அழிச்சிட்டேன். நான் ஒரு..." என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் அழுதேன். வயசான காலத்தில், பெண்டாட்டி முன்னால், மூக்கு ஒழுக அழுதேன்.

அவள் கொஞ்ச நேரம் என்னை அழவிட்டாள்.

"எந்திரி மாமா, பசை காஞ்சிடும்" என்றாள். அப்புறம், யாரோ ஒருத்தர் கதையைச் சொல்கிற மாதிரி சொன்னாள். "அந்தம்மா கேட்ட ஒடனே எனக்குத் தெரியும், நீ என்னத்தான் சொல்லப் போறேன்னு. அதான் நீ வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே கரணைய கீழ வச்சிட்டேன். அத்தக்கூடப் பாக்கலயா நீ?"

"பாத்தேன்" என்றேன்.

"வச்சிட்டு ஒரு தபா உன் மூஞ்சியப் பாத்தேன். ஒருவேளை நீ வேற மாதிரி சொல்லிடுவியோன்னு."

அதை நான் பார்க்கவில்லை. நான் அப்போது சிங்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.